மகனின் பெயரால் ஓர் ஆலயம்: பேத்ரோ கனகராய முதலியார்

விருத்தாசலம் பகுதியில் வாழும் நமக்குக் கோணான்குப்பம் அறிமுகம் தேவையில்லாத ஊர். வீரமாமுனிவர் எழுப்பிய பெரியநாயகி அன்னையின் ஆலயத்துக்குச் சிறு வயதிலிருந்தே நடந்தும் வண்டி கட்டியும் பேருந்திலும் போய் வந்திருக்கிறோம். தமிழ்ப் பெண்ணைப் போல் சேலை உடுத்தி, மகனைக் கையில் ஏந்தி நிற்கும் அந்த அன்னையின் சுரூபம் மணிலாவில் செய்யப்பட்டு, கப்பலேறி, மயிலாப்பூர் வழியாக நம் ஊருக்கு வந்தது என்பது வழிவழியாக நாம் கேட்டு வரும் செய்தி. முதுகுன்றத்துக் கோயிலில் அம்மனுக்கு வழங்கும் பெயரும் பெரியநாயகிதான். நம் மண்ணின் பெயரையே முனிவர் அன்னைக்குச் சூட்டினார் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு.

கடலையே பார்க்காத நம் ஊருக்கு மணிலாவிலிருந்து ஒரு சுரூபம் எப்படி வந்திருக்கும்? அக்காலத்தில் சோழமண்டலக் கரைத் துறைமுகங்களுக்கும் மணிலாவுக்கும் இடையே கப்பல்கள் ஓடின. இங்கிருந்து துணி போயிற்று, அங்கிருந்து மெக்சிகோ வெள்ளி வந்தது. மற்ற ஐரோப்பியர் மணிலாவில் வணிகம் செய்ய ஸ்பானியர் தடை விதித்திருந்ததால், ஆர்மேனியர், போர்த்துக்கீசியர், நம் நாட்டு வணிகர் ஆகியோரின் பெயரில் அக்கப்பல்கள் சென்றன. நம் மணிமுத்தாறு வெள்ளாற்றில் கலக்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் சேர்கிறது. அந்தப் பரங்கிப்பேட்டை அன்று பெரிய துறைமுகம். ஆற்றோரத்து ஊர்களில் தறி ஓடியது. தென்னாற்காட்டு நிலங்களில் அவுரி விளைந்தது. நாம் உள்நாட்டில் இருந்தாலும் நமது உழைப்பு கடல் தாண்டிக்கொண்டுதான் இருந்தது.

வீரமாமுனிவர் கோணான்குப்பத்திலும் ஏலாக்குறிச்சியிலும் பணியாற்றிய அதே ஆண்டுகளில், புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கத்தோலிக்கர் பிரெஞ்சு வணிகம் முழுவதற்கும் தமிழர் தரப்பில் தலைமை தாங்கினார். அவர் பெயர் பேத்ரோ கனகராய முதலியார். புதுவை ரெட்டியார்பாளையத்தில் உள்ள புனித அந்திரேயா ஆலயத்தைக் கட்டியவர் இவரே. நமது உயர்மறைமாவட்டத்தின் பழைய குடும்பங்களில் இவர் பெயரை அறியாதவர் குறைவு. ஆனால் அவர் வாழ்வை முழுவதுமாகச் சொல்வோர் அரிது. ஆலயம் கட்டிய புண்ணியவான் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் மூன்று குடும்பங்களின் எழுச்சியும் வீழ்ச்சியும் கண்ணீரும் உண்டு. அவற்றையும் நாம் தெரிந்துகொள்வது நல்லது.

1673-ல் வாலிகண்டபுரத்திலிருந்து ஆண்ட ஷேர்கான் லோடி, பிரெஞ்சுக்காரருக்குப் புதுச்சேரியில் இடம் கொடுத்தார். 1674-ல் பிரான்சுவா மர்த்தேன் அங்கே வந்து தங்கினார். அவரிடம் பணமும் கிடையாது, ஆட்களும் சிலரே. துணி வாங்க வேண்டுமானால் நெசவாளரைத் தெரிந்திருக்க வேண்டும். நெசவாளரை அறிந்த வணிகரைத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வணிகர் நம்பும் ஒருவர் தம் பக்கம் இருக்க வேண்டும். அந்த ஒருவராக வந்தவர் பூந்தமல்லியைப் பூர்வீகமாகக் கொண்ட தானப்ப முதலியார். அவர் கத்தோலிக்கர். சென்னைப் பட்டணத்து வணிகர்களிடம் பழகியவர். பிரெஞ்சுக் கம்பெனியின் துபாசிப் பதவி அவருடைய குடும்பத்துக்கு வந்தது இப்படித்தான்.

துபாசி என்றால் இரண்டு மொழி பேசுபவர் என்று பொருள். ஆனால் மொழிபெயர்ப்பது அவருடைய வேலையில் சிறு பங்குதான். எந்த வணிகருக்கு எவ்வளவு முன்பணம் கொடுக்கலாம், கொடுத்தால் திரும்பி வருமா, நெசவாளர் மாதிரித் துணிக்கு ஒத்த துணியைத் தருவாரா, கப்பல் புறப்படும் முன் பொதிகள் கிடங்குக்கு வந்து சேருமா என்பதெல்லாம் துபாசியின் வாக்கை நம்பியே நடந்தன. அந்த வாக்குக்குப் பின்னால் இருந்தது அவருடைய குடும்பம். அண்ணன் புதுச்சேரியில் இருந்தால் தம்பி வேறொரு சந்தையில் இருப்பார்; மைத்துனர் சென்னையில் கடன் கொடுப்பார்; சம்பந்தி வீட்டார் நெசவு ஊர்களில் இருப்பார்கள். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. பொம்மைக்கும் அகல் விளக்குக்கும் வெளியூர்க்காரர் சரக்கைக் கடனுக்குக் கேட்டால் நாம் முதலில் விசாரிப்பது அவர் யார் வீட்டுப் பிள்ளை என்பதைத்தானே?

வெள்ளைக்காரர் இதற்கு விலக்கு என்று எண்ணிவிடக் கூடாது. பின்னாளில் ஆளுநராக வந்த துய்ப்ளேக்ஸ், 1741-ல் ழான் என்ற விதவையை மணந்தார். அந்த அம்மையார் புதுச்சேரியிலேயே பிறந்தவர்; தாய்வழியில் இந்தோ-போர்த்துக்கீசியக் குடும்பத்தைச் சேர்ந்தவர்; தமிழ் பேசத் தெரிந்தவர். அவருடைய மகள்களும் உறவினரும் கம்பெனி அதிகாரிகளையும் வணிகர்களையும் மணந்திருந்தார்கள். ஒரு மகள் ஆங்கிலேயரின் சென்னையிலேயே வாழ்ந்தார். கம்பெனி என்று நாம் சொல்லும் அமைப்பின் உள்ளே பார்த்தால் அங்கும் மாமன், மச்சான், மருமகன்தான்.

தானப்ப முதலியாரின் குடும்பம் அனுபவித்த பதவி 1708-ல் கைமாறியது. அதைப் பெற்றவர் நைனியப்ப பிள்ளை. இவர் இந்து. திறமையான வணிகர், ஊரில் செல்வாக்குள்ளவர். சென்னையிலிருந்த தம் மைத்துனர் திருவேங்கடம் பிள்ளையை முதலோடு புதுச்சேரிக்கு வரவழைத்துக் குடும்பத்தை வேரூன்றச் செய்தவர். இது புதுச்சேரியிலிருந்த சேசு சபைக் குருக்களுக்குப் பிடிக்கவில்லை. கம்பெனியின் முதன்மைத் தமிழர் ஒரு கிறிஸ்தவராகவே இருக்க வேண்டும் என்று அவர்கள் திரும்பத் திரும்ப வற்புறுத்தினார்கள். அப்படி இருந்தால் மக்கள் திருமறையை மதிப்பார்கள், மனமாற்றமும் எளிதாகும் என்பது அவர்கள் கணக்கு. அவர்களுடைய ஆர்வத்தை நாம் சந்தேகிக்க வேண்டாம். அந்த ஆர்வம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் மறைக்க வேண்டாம்.

1716 பிப்ரவரியில் ஆளுநர் எபேர் நைனியப்பரைக் கைதுசெய்தார். ஊரில் கலகம் தூண்டினார், பதவியைத் தவறாகப் பயன்படுத்தினார் என்பன குற்றச்சாட்டுகள். விசாரணை நடந்த விதத்தைக் கேட்டால் இன்றைக்கும் மனம் பதறும். அவரிடம் கேள்விகள் போர்த்துக்கீசிய மொழியில் கேட்கப்பட்டன. பதில்கள் பிரெஞ்சில் எழுதப்பட்டன. தமக்குப் படிக்கத் தெரியாத அந்தத் தாள்களில் அவர் தமிழில் கையொப்பம் இட்டார். சாட்சிகளின் தமிழ் வாக்குமூலங்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் சேசு சபையினரின் உபதேசியாருடைய மகன். ஜூன் மாதம் தீர்ப்பு வந்தது. கடைத்தெருவில் எல்லாரும் பார்க்க 50 கசையடி, 8,888 வராகன் அபராதம், 3 ஆண்டு சிறை, அதன்பின் ஊரைவிட்டு வெளியேற்றம். திருவேங்கடம் பிள்ளையும் சிறையில் அடைக்கப்பட்டார். நைனியப்பர் தண்டனைக் காலம் முடியும் வரை உயிரோடு இல்லை. 1717-ல் சிறையிலேயே இறந்துபோனார்.

அவர் கைதானதும் காலியான பதவியில் அமர்த்தப்பட்டவர்தான் பேத்ரோ கனகராய முதலியார். தானப்பர் குடும்பத்துப் பிள்ளை, கத்தோலிக்கர், குருக்களின் நம்பிக்கைக்கு உரியவர்.

நமது மனிதரின் உயர்வு, ஒரு நிரபராதியின் வீட்டுக் கதவு சாத்தப்பட்ட நாளில் தொடங்கியது. கத்தோலிக்கர் என்பதால் இதைச் சொல்லாமல் விடுவது நமக்கு அழகல்ல. நைனியப்பர் நிரபராதி என்பது இங்கே நாமாகச் சொல்லும் தீர்ப்புமல்ல. அவருடைய மகன் குருவப்ப பிள்ளை சென்னைக்குத் தப்பினார். அங்கிருந்து இங்கிலாந்து வழியாகப் பிரான்சுக்கே போய் அரசிடம் முறையிட்டார். சேசு சபையினரோடு கருத்து வேறுபாடு கொண்டிருந்த பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபைக் குருக்கள் அவருக்குத் துணை நின்றார்கள். 1720 வாக்கில் நைனியப்பர் குற்றமற்றவர் என்று அரசு ஒப்புக்கொண்டது; எபேர் இழப்பீடு தர வேண்டியவரானார். குருவப்பர் பிரான்சில் திருமுழுக்குப் பெற்றார். சிறுவனான அரசருக்காக நாட்டை ஆண்டுகொண்டிருந்த ஓர்லயான் கோமகனே அவருக்கு ஞானத்தந்தை. புனித மிக்கேல் வீரர் பட்டமும் கிடைத்தது. தந்தையைக் கிறிஸ்தவர் அல்லர் என்று வெறுத்தவர்களின் ஊருக்கு மகன் கிறிஸ்தவராக, அதுவும் அரசப் பட்டத்தோடு திரும்பி வந்தார். 1722-ல் துபாசிப் பதவி பேத்ரோவிடமிருந்து எடுக்கப்பட்டுக் குருவப்பரிடம் கொடுக்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். ஞானத்தந்தை என்பது நமக்குத் திருமுழுக்குச் சடங்கில் வரும் உறவு. அந்தக் காலத்து வணிகருக்கு அது மற்றுமொரு குடும்பத் தொடர்பு. பிறப்பால் வந்த உறவு உடைந்தபோது, திருமுழுக்கால் வந்த உறவு குருவப்பரைக் கடல் கடந்து தூக்கி நிறுத்தியது. அருளடையாளத்தை இப்படியும் பயன்படுத்தலாமா என்று நாம் கேட்கலாம்தான். ஆனால் தந்தையைச் சிறையில் பறிகொடுத்த ஒரு மகனிடம் அந்தக் கேள்வியைக் கேட்கும் துணிவு நமக்கு வராது.

குருவப்பர் நெடுங்காலம் வாழவில்லை. 1724-ல் இறந்தார். பதவி மீண்டும் பேத்ரோவிடம் வந்தது. இந்த முறை அது சாகும்வரை அவரிடமே இருந்தது.

அந்த இருபதாண்டுகள் புதுச்சேரியின் வளர்ச்சிக் காலம். லெனுவார், துய்மா, துய்ப்ளேக்ஸ் என்று ஆளுநர்கள் மாறினார்கள். கனகராய முதலியார் மாறவில்லை. 1736-ல் நாணயம் அடிக்கும் உரிமை நவாபிடமிருந்து கிடைத்தது. 1739-ல் காரைக்கால் சேர்ந்தது. 1740-ல் மராட்டியப் படை ஆற்காட்டுச் சீமைக்குள் புகுந்தபோது நவாபின் குடும்பத்தாரே புதுச்சேரி மதிலுக்குள் அடைக்கலம் தேடினார்கள். கப்பல்கள் மோக்காவுக்கும் மணிலாவுக்கும் வங்காளத்துக்கும் இன்று மொரீசியஸ், ரெயூனியன் எனப்படும் தீவுகளுக்கும் பிரான்சுக்கும் சென்றன. ஒவ்வொரு கப்பலின் பின்னாலும் முதலியார் பேசி முடித்த ஒப்பந்தங்கள் இருந்தன.

அந்தப் பொதிகளில் ஒரு வகைத் துணியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. அவுரிச் சாயம் தோய்த்த முரட்டு நீலத் துணி அது. அதைக் கினித் துணி என்றார்கள். கினி என்பது மேற்கு ஆப்பிரிக்கக் கரை. நம் பக்கத்து நெசவாளர் நெய்து, நம் பக்கத்து அவுரியில் முக்கிய அந்த நீலத் துணி பிரான்சுக்குப் போய், அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போய், அங்கே அடிமைகளை வாங்கக் கொடுக்கப்பட்ட சரக்குகளில் ஒன்றாயிற்று. நெய்தவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. துணியை அனுப்பிய கம்பெனிக்குத் தெரியும். ஆலயங்களும் அன்னதானங்களும் எழுந்த செல்வத்துக்குள் இந்த நூலும் ஓடுகிறது.

முதலியாருக்குப் போட்டி இல்லாமலும் இல்லை. திருவேங்கடம் பிள்ளை சிறையிலிருந்து மீண்டு, மீண்டும் வணிகம் செய்து 1726-ல் இறந்தார். அவருடைய மகன் ஆனந்தரங்கருக்கு அப்போது 17 வயது. லெனுவார் அந்த இளைஞரைப் பரங்கிப்பேட்டையிலிருந்த பிரெஞ்சுப் பண்டகசாலைக்குப் பொறுப்பாக்கினார். சாயத் துணிகளை வாங்குவதற்காக லாலாப்பேட்டையிலும் ஆற்காட்டிலும் ஆனந்தரங்கர் கடைகள் வைத்தார். 1736 செப்டம்பரில் அவர் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பு இன்று உலகம் அறிந்தது. கனகராய முதலியாரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் செய்திகளில் பெரும்பகுதி அந்த நாட்குறிப்பிலிருந்துதான் வருகிறது. ஒருவரின் வாழ்வை அவருடைய போட்டியாளரின் எழுத்திலிருந்து அறிவது வசதியான நிலையல்ல. தம் மாமனின் சாவுக்குப் பின் உயர்ந்த குடும்பம் என்ற கசப்பும் அங்கே உண்டு. ஆகவே நாம் அந்த நாட்குறிப்பைப் படிக்கும்போது, குறையாகச் சொல்வதைச் சற்றுத் தள்ளி வைத்தும், தம்மையறியாமல் சொல்லும் நல்லதைப் பத்திரமாக எடுத்தும் படிக்க வேண்டியிருக்கிறது.

பதவி திரும்பியது, செல்வம் பெருகியது. ஆனால் 1739-ல் முதலியாரின் வீட்டில் விளக்கு அணைந்தது. அவருடைய மகன் வேலவேந்திர முதலியார் மணமாகி, வாலிப வயதிலேயே இறந்துபோனார். அவருக்குப் பின் பெயர் சொல்ல வேறு மகன் இல்லை. அந்த வீட்டில் முதலியாரும், அவர் மனைவி நட்சத்திரம் அம்மாளும், கணவனை இழந்த இளம் மருமகளும் மிஞ்சினார்கள்.

தானப்பர் காலம் தொட்டு அந்தக் குடும்பம் சேர்த்ததெல்லாம் மகனுக்காக. பதவியும் கடன்பத்திரங்களும் வீடுகளும் தோட்டங்களும், யாருக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறோம் என்ற கணக்கும், எந்த வணிகர் எப்படிப்பட்டவர் என்ற அறிவும் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கே கைமாற வேண்டியவை. வாங்கிக்கொள்ள யாரும் இல்லாத கையில் அவற்றை வைத்துக்கொண்டு அந்தத் தகப்பன் ஏழு ஆண்டுகள் வாழ்ந்தார். ஒவ்வொரு நாளும் கம்பெனிக்குப் போனார், ஒப்பந்தம் பேசினார்.

அந்த ஆண்டுகளில்தான் அவர் ரெட்டியார்பாளையத்தில், உழவர்கரை எல்லையில், மகனின் நினைவாக ஓர் ஆலயத்தை எழுப்பினார். 1745-ல் பணி முடிந்தது. ஆலயத்தின் பாதுகாவலர் புனித அந்திரேயா. நமது இளையோர் பலருக்குத் தெரியாத ஒரு செய்தியை இங்கே சொல்லிவிடுகிறோம். நம் முன்னோர் புனிதர்களின் பெயர்களைத் தமிழ்ப்படுத்தி வழங்கியபோது பேதுருவை இராயப்பர் என்றார்கள், யோவானை அருளப்பர் என்றார்கள், அந்திரேயாவைப் பிலவேந்திரர், பெலவேந்திரர் என்றார்கள். வலிமை மிக்கவர் என்ற கருத்தில் வந்த பெயர் அது. வேலவேந்திரர் என்று ஏடுகளில் காணும் அந்த மகனின் பெயரும் இதுவே. ஆக, இறந்த மகனின் திருமுழுக்குப் பெயருக்குரிய புனிதருக்கே தகப்பன் கோயில் கட்டினார். தகப்பனின் பெயர் பேத்ரோ, அதாவது பேதுரு. நற்செய்தியில் பேதுருவும் அந்திரேயாவும் ஒரே படகில் வலை வீசிய உடன்பிறப்புகள் என்பதும் நினைவுக்கு வருகிறது.

ஆலயத் திறப்பை ஒட்டி அவர் நடத்திய விருந்தை ஆனந்தரங்கர் விரிவாகவே எழுதி வைத்திருக்கிறார். பிராமணர், வேளாளர், கோமுட்டிகள், செட்டிகள், தட்டார், நெசவாளர், வாணியர் என்று ஊரிலுள்ள பல சாதியாரையும் முதலியார் அழைத்தார். அவரவர் ஆசாரத்துக்குக் குறைவு வராதபடி சத்திரங்களிலும் தோட்டங்களிலும் தனித்தனியாகச் சமையல் நடந்தது; பிராமணச் சமையல்காரர்கள் அமர்த்தப்பட்டிருந்தார்கள். ஐரோப்பியருக்கு மேசை போட்டு விருந்து. மாலையில் துய்ப்ளேக்சும் அவர் மனைவியும் வந்து சிறப்பித்தார்கள். அது 1745-ஆம் ஆண்டு என்பதை மறக்கக் கூடாது. முந்திய ஆண்டில்தான் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் போர் மூண்டிருந்தது; கப்பல் வரத்து தடைபட்டுக் கம்பெனியிலேயே பணத்தட்டுப்பாடு. அந்த நெருக்கடியிலும் செலவைப் பற்றி எண்ணாமல் அவர் இதைச் செய்தார். மகனுடைய திருமணத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்கு இப்படி ஒரு விருந்து வைக்க வேறு காரணம் ஏது?

ஆனந்தரங்கருக்கு இது முழுவதும் உவப்பாக இல்லை. கிறிஸ்தவராக இருந்துகொண்டு இந்துக்களின் முறைப்படி விருந்து நடத்துவது இரண்டிலும் சேராத காரியம் என்பது போல் எழுதுகிறார். குறை சொல்லும் நோக்கில் எழுதினாலும், அவர் நமக்கு ஓர் அரிய படத்தைத் தந்துவிட்டார். எல்லாரும் வந்தார்கள், ஒவ்வொருவரும் தனித்தனியே உண்டார்கள். அந்தக் காலத்துத் தமிழ்க் கிறிஸ்தவத்தின் பலமும் பலவீனமும் அந்த ஒரு விருந்திலேயே தெரிகின்றன.

ஏனென்றால் அதே 1745-ல், அக்டோபர் மாதம், புதுச்சேரி சம்பா கோயிலில் வேறொரு நிகழ்ச்சி நடந்தது. அக்கோயிலின் உள்ளே தாழ்த்தப்பட்டோரையும் மற்றவரையும் பிரிக்க ஒரு சுவர் இருந்தது. கிறிஸ்துவின் பலிபீடத்தின் முன்னே, திருப்பலி நேரத்தில், ஒரு சுவர். முந்திய ஆண்டுதான் திருத்தந்தை 14-ஆம் பெனடிக்ட், நாற்பதாண்டுகளாக நீடித்த மலபார்ச் சடங்குகள் பற்றிய வழக்குக்கு இறுதி முடிவு சொல்லியிருந்தார். காரைக்காலில் அப்படிப்பட்ட தடுப்பு அகற்றப்பட்ட செய்தி வந்தது. புதுச்சேரியின் சேரிகளில் வாழ்ந்த கிறிஸ்தவர்கள் ஒன்றுகூடிக் குருக்களிடம் போனார்கள். நாங்கள் மட்டும் உங்கள் பிள்ளைகள் அல்லவா என்ற கருத்தில் கேட்டார்கள். குருக்கள் சுவரை இடித்தார்கள். உடனே மற்ற சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். கோயிலுக்குள்ளேயே குருவோடு வாக்குவாதமும் கைகலப்பும் நடந்தன. ஆளுநர் தலையிட்டுக் கூட்டம் கூடுவதைத் தடைசெய்ய வேண்டியதாயிற்று. கனகராய முதலியாரின் உறவும் சாதியும் எந்தப் பக்கம் இருந்தன என்பது சொல்லாமலே விளங்கும். சுவரை இடிக்கச் சொல்லிக் கேட்டவர்களின் பெயர்களை எந்த ஏடும் பாதுகாக்கவில்லை. அவர்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

1746 பிப்ரவரியில் கனகராய முதலியார் காலமானார். ஆலயம் எழும்பி ஓராண்டுகூட நிறைவடைந்திருக்குமோ என்னவோ.

அடக்கம் முடிந்ததும் வழக்கு தொடங்கியது. ஒருபுறம் மனைவி நட்சத்திரம் அம்மாளும் மருமகளும். மறுபுறம் இறந்தவரின் தம்பி, சின்ன முதலியார் என்று அழைக்கப்பட்ட தானப்ப முதலியார். பாட்டன் காலத்துப் பெயரைச் சுமந்தவர். சொத்து யாருக்கு? கணவனோடு வாழ்நாள் முழுவதும் இருந்த மனைவிக்கா, பிரியாத குடும்பத்தின் அடுத்த ஆண்மகனான தம்பிக்கா? கட்சிக்காரர் அனைவரும் கத்தோலிக்கர். வழக்கு வந்ததோ பிரெஞ்சு ஆட்சியின் கீழ். ஆனால் தீர்ப்புச் சொல்ல ஊர்ப் பெரியவர்களான தமிழர்களே நடுவர்களாக அமர்த்தப்பட்டார்கள். அவர்கள் பார்த்தது திருச்சபைச் சட்டத்தையும் அல்ல, பாரிஸ் நகரத்துச் சட்டத்தையும் அல்ல. மகனில்லாமல் இறந்தவனின் சொத்து தம்பிக்கே என்ற நாட்டு வழக்கத்தைப் பார்த்தார்கள். சின்ன முதலியாரே வாரிசு என்றும், விதவைகளைப் பராமரிக்க வேண்டியது அவர் கடமை என்றும் முடிந்தது.

இதில் வியப்பு ஒன்றும் இல்லை என்று சிலர் சொல்லக்கூடும். அந்தக் காலம் அப்படி என்பார்கள். 1717-ல் சிறையில் இறந்த நைனியப்பருக்காகப் போராட ஒரு மகன் இருந்தார், கடல் தாண்டிப் போனார், வென்றார். 1746-ல் நட்சத்திரம் அம்மாளுக்கு அப்படி யாரும் இல்லை. குடும்பம்தான் எல்லாவற்றுக்கும் அடித்தளம் என்றிருந்த உலகில், மகனை இழந்த ஒரு பெண் தன் வீட்டிலேயே பராமரிக்கப்படுபவராக ஆனார். நமது பங்குகளில் கணவனை இழந்த தாய்மார்கள் சொத்துப் பத்திரத்தோடு தாலுகா அலுவலகத்துக்கு அலைவதைப் பார்க்கும்போது இந்த அம்மாளின் பெயர் நினைவுக்கு வருகிறது.

துபாசிப் பதவியையும் சின்ன முதலியார் எதிர்பார்த்தார். ஒரு கிறிஸ்தவருக்கே அது போக வேண்டும் என்று துய்ப்ளேக்சின் மனைவியும் குருக்களும் விரும்பினார்கள். முப்பதாண்டுகளுக்கு முன் நைனியப்பரின் காலத்தில் எழுந்த அதே வாதம்தான். இந்த முறை அது வெல்லவில்லை. போருக்குப் பணமும் சரக்கும் திரட்டத் தெரிந்த ஆள் துய்ப்ளேக்சுக்குத் தேவைப்பட்டார். 1747-ல் ஆனந்தரங்க பிள்ளை தலைமைத் துபாசி ஆனார். நைனியப்பரின் மருமகன், நைனியப்பரின் இடத்தில்.

அந்தப் பதவியும் அவர் குடும்பத்தில் நிலைக்கவில்லை. 1761 ஜனவரி 12-ல் அவர் இறந்தார். நான்கு நாள் கழித்துப் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. கோட்டையும் மாளிகைகளும் தரைமட்டமாக்கப்பட்டன. 1745-ல் சுவர் இடிக்கப்பட்ட சம்பா கோயிலும் அந்த அழிவில் போயிற்று. இப்போது நாம் காணும் பேராலயம் 1791-ல் நிறைவுற்றது. ரெட்டியார்பாளையத்துப் புனித அந்திரேயா ஆலயம் மட்டும் கனகராய முதலியாரின் பெயரைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது. புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில், இன்று நகரத்தின் நடுவே அகப்பட்டுக்கொண்ட அந்தப் பங்கில், ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பலி நடக்கிறது. திருமுழுக்குத் தொட்டியருகே ஞானப்பெற்றோர் குழந்தைகளை ஏந்தி நிற்கிறார்கள். நவம்பர் 30 புனித அந்திரேயாவின் திருநாள்.